கால்டரின் கரண்டியும் எஃகுச் சிற்பமும்

கலை நூல்களைப் புரட்டும்போது நம் கண் ஒரு விசித்திரமான ஏமாற்றத்துக்கு ஆளாகிறது. ஒரு பக்கத்தில் பித்தளைக் கம்பியைத் தட்டிச் செய்த காதணி ஒன்றின் படம். எதிர்ப் பக்கத்தில் சிக்காகோ நகரின் நடுவே 16 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் எஃகுச் சிற்பம். இரண்டு படங்களும் ஒரே அளவு. படத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் உயரம், அகலம் முதலிய கணக்கைப் படிக்காதவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பெரும்பாலான சிற்பிகளின் விஷயத்தில் இது நூலின் குறை. அலெக்ஸாண்டர் கால்டரின் விஷயத்தில் மட்டும் இந்த ஏமாற்றத்தில் ஓரளவு உண்மையும் கலந்திருக்கிறது.

கால்டர் (1898-1976) அமெரிக்கர். இருபதாம் நூற்றாண்டுச் சிற்பிகளுள் உலகெங்கும் அறியப்பட்டவர். அவரைப் பற்றிய நூல்கள் ஏராளம். ஆனால் அவை மூன்று வகையாகப் பிரிந்து கிடக்கின்றன. அவருடைய கோட்டோவியங்களைப் பற்றியவை ஒரு வகை. அவர் வீட்டுக்காகச் செய்த கரண்டி, கிண்ணம், விளக்கு, நகை முதலியவற்றைப் பற்றியவை இன்னொரு வகை. நகரச் சதுக்கங்களில் நிற்கும் மாபெரும் சிற்பங்களைப் பற்றியவை மூன்றாம் வகை. கடைசி வகையை மட்டும் பார்ப்பவர், "பெரிய கட்டடங்களுக்கு முன்னால் சிவப்பு இரும்பை நிறுத்துகிறவர்" என்று அவரைத் தள்ளிவிடுகிறார். இரண்டாம் வகையை மட்டும் பார்ப்பவரோ, "பொம்மை செய்கிறவர்" என்று முடிவு கட்டிவிடுகிறார். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே இந்த இரண்டு பழிகளும் அவர்மேல் விழுந்ததுண்டு. மூன்று வகை நூல்களையும் ஒன்றாக மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு படித்தால், இந்த இரண்டு முடிவுகளும் நிற்கமாட்டா என்பதே இக்கட்டுரை சொல்லவரும் செய்தி. நம் சங்கத்தில் பொறியியல் பயில்வோர் மிகுதி. நூலகத்தில் கலைப்பகுதிப் பக்கம் அவர்கள் போவது அருமை. இந்தச் சிற்பி அவர்களுக்கு உறவினர் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

உறவு எப்படி என்றால், கால்டர் முதலில் படித்தது சிற்பம் அன்று, யந்திரப் பொறியியல். நியூ ஜெர்சி மாநிலத்து ஹோபோகனில் உள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1919 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பாட்டனார் சிற்பி, தந்தையாரும் சிற்பி, தாயார் ஓவியர். பிலடெல்பியா நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை பாட்டனார் கைவேலை. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்க வளைவில் உள்ள வாஷிங்டன் உருவங்களுள் ஒன்று தந்தையார் செய்தது. இத்தகைய குடும்பத்துப் பிள்ளை பொறியியலுக்குப் போனது, கலையின் வருமானம் எத்தகையது என்று வீட்டிலேயே கண்டதாலோ என்னவோ! பட்டம் பெற்றபின் ஓரிடத்தில் நிலைக்காமல் வரைபடம் வரைபவராகவும், மரம் வெட்டும் முகாமில் நேரக்கணக்கு எழுதுபவராகவும், கப்பலின் கொதிகலன் அறையில் வேலையாளாகவும் இருந்தார். 1922 இல் கப்பல் குவாதமாலாக் கரையருகே சென்றுகொண்டிருந்தபோது, விடியற்காலையில் தளத்தில் படுத்திருந்த அவர், ஒரு புறம் செந்நெருப்பாய்ச் சூரியன் எழுவதையும் மறுபுறம் வெள்ளிக் காசுபோல் நிலா நிற்பதையும் ஒரே சமயத்தில் கண்டார். அந்தக் காட்சி தம்மை விட்டு அகலவே இல்லை என்பதைத் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். பின்னாளில் அவர் செய்த சிற்பங்களில் வட்டத் தகடுகள் ஏன் அத்தனை இடம் பெற்றன என்று ஆராய்பவர்கள் இந்த விடியற்காலையைக் குறிப்பிடத் தவறுவதில்லை.

1923 இல் நியூயார்க்கின் கலை மாணவர் கழகத்தில் சேர்ந்து வரையக் கற்றார். ஒரு பத்திரிகைக்குப் படம் போட்டுப் பிழைப்பு நடந்தது. 1925 இல் அந்தப் பத்திரிகைக்காகச் சர்க்கஸ் ஒன்றில் இரண்டு வாரம் தங்கி வரைந்தார். நகரின் மிருகக்காட்சிச் சாலைகளுக்கும் சென்று, குரங்கு, யானை, பூனை, கொக்கு என்று கண்டதையெல்லாம் தூரிகையும் மையும் கொண்டு வரைந்தார். அந்தப் படங்களே 1926 இல் 'விலங்குகளை வரைதல்' என்னும் பொருள்படும் பெயரில் சிறு புத்தகமாக வந்தன. புதிதாக வரையத் தொடங்குவோருக்கான கையேடு அது. ஆனால் பின்னால் வந்த கால்டர் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறார். விலங்கு எப்போதும் அசைகிறது, உறங்கும்போதுகூட அதன் உடலில் ஓர் இயக்கம் இருக்கிறது, வரைபவன் பிடிக்கவேண்டியது அந்த இயக்கத்தைத்தான் என்பது அப்புத்தகத்தின் கருத்து. நிழல் தீட்டுவது, மயிர் மயிராகக் காட்டுவது முதலிய வேலைகள் அதில் மிகக் குறைவு. ஒரு கோடு பூனையின் முதுகில் தொடங்கி வாலில் முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் பூனை பாயத் தயாராக இருக்கிறது!

இந்தக் கோட்டைக் காகிதத்திலிருந்து பிரித்தெடுத்துக் கையில் பிடித்தால் என்ன ஆகும்? கம்பி ஆகும். 1926 இல் பாரிஸ் சென்ற கால்டர் செய்தது அதைத்தான். அங்கே புகழ் பெற்றிருந்த நாட்டியக்காரி ஜோசபின் பேக்கரின் உருவத்தை வெறும் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்தார். கல்லும் களிமண்ணும் வெண்கலமும்தான் சிற்பத்துக்குரியவை என்றிருந்த நாளில், எடையே இல்லாத, உள்ளே காற்று புகுந்து வெளியே போகும் சிற்பம் அது. குறடும் கம்பிச்சுருளும் இருந்தால் எங்கேயும் வேலை செய்யலாம். நண்பர்களின் முகங்களை இப்படியே கம்பியில் பிடித்தார். அப்படிப்பட்ட முகங்களுள் ஒன்றன்மேல் விளக்கொளி விழும்போது, சுவரில் விழும் நிழல் மீண்டும் கோட்டோவியம் ஆகிவிடுகிறது. தாளிலிருந்து எழுந்த கோடு மறுபடியும் சுவரில் போய்ப் படிந்துகொள்வதை நூல்களில் உள்ள படங்களிலேயே பார்க்கலாம்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்த சர்க்கஸ் இன்னொரு விந்தை. கம்பி, தக்கை, துணித்துண்டு, பொத்தான், மரத்துண்டு ஆகியவற்றால் சிங்கம், குதிரை, கழைக்கூத்தாடி, வாள் விழுங்குபவன் என்று ஒரு கூட்டத்தையே உண்டாக்கி, பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போய், தரையில் விரித்து, தாமே நூலை இழுத்தும் கைப்பிடியைச் சுழற்றியும் காட்சி நடத்தினார். பாரிஸின் பெரும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அதைப் பார்க்க வந்தார்கள். இன்று அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு உரியது; 1982 இல் மக்களிடம் நிதி திரட்டி அதை வாங்கினார்கள். குழந்தை விளையாட்டு என்று தோன்றும் இதில் உண்மையான யந்திர அறிவு இருக்கிறது. ஊஞ்சலிலிருந்து தாவும் பொம்மை மறு ஊஞ்சலைப் பிடிக்கவேண்டுமானால், எந்த இடத்தில் எடை, எந்த நொடியில் விடுதலை என்பதெல்லாம் சரியாக அமையவேண்டும் அன்றோ?

1930 இல் ஓவியர் மோந்திரியானின் பாரிஸ் அறைக்குச் சென்றது கால்டரின் வாழ்வில் ஒரு திருப்பம். வெள்ளைச் சுவரில் வண்ணச் செவ்வகங்களை ஒட்டி வைத்திருந்தார் மோந்திரியான். இவை எல்லாம் அசைந்தால் நன்றாயிருக்குமே என்றார் கால்டர். அதெல்லாம் வேண்டியதில்லை, என் ஓவியம் ஏற்கெனவே போதிய வேகத்தோடுதான் இருக்கிறது என்ற பொருள்பட விடை வந்தது. கால்டர் தம் வழியே போனார். 1931 அளவில் கைப்பிடியாலும் சிறு மோட்டாராலும் அசையும் சிற்பங்களைச் செய்தார். நண்பர் மார்செல் துஷாம்ப் அவற்றுக்கு 'மொபைல்' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு அசைவது என்பதோடு ஒரு செயலுக்குக் காரணமான உள்நோக்கம் என்றும் பொருள் உண்டு. மறு ஆண்டில் சிற்பி ஆர்ப், "அப்படியானால் முன்பு செய்த அசையாதவையெல்லாம் ஸ்டேபிலோ?" என்று கேலியாகக் கேட்க, அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. தமிழில் நமக்குள் அசைசிற்பம், நிலைச்சிற்பம் என்று சொல்லிக்கொள்வோம். விரைவிலேயே மோட்டாரைக் கால்டர் பெரும்பாலும் கைவிட்டார். மோட்டார் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து சலிப்பூட்டும். காற்றுக்கு அந்தக் குறை இல்லை.

அசைசிற்பத்தின் கணக்கைச் சற்று விளக்கவேண்டும். நம் ஊர்களில் முன்பு வழங்கிய வெள்ளிக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புறம் நீண்ட கை, மறு புறம் குட்டையான கை. குட்டைக் கையில் கனமான பொருள், நீண்ட கையில் சிறு எடை. எடையையும் தூரத்தையும் பெருக்கி வரும் தொகை இரு புறமும் சமமாக இருந்தால் கோல் நிற்கும். இப்போது ஒரு கம்பியின் நுனியில் 10 கிராம் தகடு, பிடிப்புள்ளியிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். மறு புறம் 40 கிராம் தகடு 5 சென்டிமீட்டரில் இருந்தால் சமன். இந்த இரண்டும் சேர்ந்த 50 கிராமை அடுத்த கம்பியின் ஒரு முனையில், பிடியிலிருந்து 8 சென்டிமீட்டரில் தொங்கவிடுகிறோம். பெருக்குத்தொகை 400. அதற்கு எதிராக 20 சென்டிமீட்டரில் 20 கிராம் தகடு போதும். மொத்தம் 70 கிராம். இதை மேலுள்ள மூன்றாம் கம்பி தாங்குகிறது. இப்படியே மேலே போகலாம். இதிலிருந்து ஒன்று விளங்கும்: மேலிருந்து கீழே கட்டிக்கொண்டு வர முடியாது. கடைசி நுனியில் உள்ள மிகச் சிறிய தகட்டிலிருந்து தொடங்கி உள்நோக்கி வரவேண்டும். கால்டரும் அப்படித்தான் செய்தார். கம்பிக்கும் எடை உண்டாகையால் காகிதக் கணக்கு முழுவதும் பலிக்காது. பிடிப்புள்ளியை அவர் விரலில் வைத்துத் தேடித்தான் கண்டுபிடித்தார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பி நேர்கோடாக இருந்து, பிடிப்புள்ளியும் இரு முனைகளும் ஒரே கோட்டில் அமைந்தால், காற்று தள்ளிய நிலையிலேயே கோல் சாய்ந்து நின்றுவிடும். கம்பியை மேல்நோக்கி வில்போல் வளைத்து, பிடிப்புள்ளி முனைகளைவிட உயரத்தில் இருக்கும்படி செய்தால், எடையின் மையம் பிடிக்குக் கீழே வந்துவிடுகிறது. இப்போது தள்ளினாலும் மெல்ல மெல்லத் தன் நிலைக்குத் திரும்புகிறது. கால்டரின் கம்பிகளில் காணும் அந்த அழகிய வளைவு அழகுக்காக மட்டும் வந்ததன்று. வேலையும் அதற்கு உண்டு. விலங்கின் முதுகில் அவர் வரைந்த வளைவோடு இந்த வளைவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கை.

இனி வீட்டுக்குள் செல்வோம். 1933 இல் கால்டரும் மனைவி லூயிசாவும் கனெக்டிகட் மாநிலத்து ராக்ஸ்பரி என்ற சிற்றூரில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கினர். 1953 இல் பிரான்சில் சாஷே என்னும் ஊரிலும் ஒரு வீடு அமைந்தது. இந்த இரண்டு வீடுகளையும் 1960களில் பேத்ரோ கெரேரோ என்ற புகைப்படக் கலைஞர் படமெடுத்தார். அவை 'வீட்டில் கால்டர்' என்ற பொருளில் 1998 இல் நூலாக வந்தன. எனக்கு விருப்பமான நூல் இதுதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் அவர் கையால் செய்த அகப்பைகள், கரண்டிகள், ரொட்டி வாட்டும் முள்கள். மேசைமேல் தகரத்தை வெட்டிச் செய்த சாம்பல் கிண்ணங்கள். தரையில் அவர் வரைந்து கொடுக்க லூயிசா பின்னிய கம்பளங்கள். கழிவறையில்கூடக் காகிதச் சுருளைப் பிடித்துக்கொண்டு நீட்டியிருக்கும் ஒரு கம்பிக் கை! வீட்டில் ஏதேனும் ஒன்று உடைந்தால், அல்லது வேண்டியிருந்தால், கடைக்குப் போவதைவிடக் குறட்டை எடுப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இவை சிற்பங்களா, வெறும் சாமான்களா? கேள்வி அற்பமானதன்று, ஒரு முறை நீதிமன்றம் வரை போன கேள்வி இது. 1926 இல் சிற்பி பிரான்குசியின் 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் அமெரிக்காவுக்கு வந்தபோது, சுங்க அதிகாரிகள் அதைச் சமையலறைச் சாமான், மருத்துவமனைத் தளவாடம் என்ற இனத்தில் சேர்த்து 40 சதவீதம் வரி கேட்டார்கள். கலைப்பொருளாயின் வரி இல்லை. வழக்கு நடந்து 1928 இல் சிற்பிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. கலை என்றால் பயன்படக்கூடாது, பயன்பட்டால் கலையில்லை என்ற எல்லைக்கோடு சட்டப் புத்தகத்திலேயே இருந்த காலம் அது. பிரான்குசியின் வழக்கு, பறவை கரண்டியன்று என்று நிலைநாட்டியது. கால்டரோ கரண்டியையே எடுத்துக்கொண்டு, அதையும் பறவையைச் செய்யும் கவனத்தோடு செய்தார்.

சாமான்களோடு நகைகளையும் சேர்க்கவேண்டும். ஏறத்தாழ 1,800 நகைகளை அவர் செய்திருக்கிறார். 2007 இல் வெளிவந்த 'கால்டர் நகைகள்' என்ற பெரிய நூலில் அவற்றுள் பலவற்றைக் காணலாம். நம் ஊர்ப் பொற்கொல்லர் அந்நூலைப் பார்த்தால் முதலில் முகம் சுளிப்பார்: கல் பதிப்பு இல்லை, மெருகு இல்லை, பெரும்பாலும் பொன்னும் இல்லை. பித்தளையும் வெள்ளியும் எஃகுக் கம்பியும் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கப்பட்டுச் சுருள்சுருளாய்ச் சுற்றியிருக்கின்றன. பற்றவைப்பதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். கம்பியைக் கம்பியாலேயே சுற்றிக் கட்டினார். ஆனால் கழுத்தில் அணிந்தால் அது அசையத் தொடங்கும்; நடக்கும் பெண்ணே அந்த அசைசிற்பத்துக்குக் காற்று. கலைப் புரவலர் பெக்கி குகன்ஹைம் 1942 இல் நியூயார்க்கில் தம் கலைக்கூடத்தைத் திறந்த நாளன்று ஒரு காதில் கால்டர் செய்த தோட்டையும், மறு காதில் ஓவியர் தாங்கி செய்த தோட்டையும் அணிந்திருந்தார். இரு கட்சிக்கும் நடுநிலை காட்டவாம்! அவருக்காகக் கால்டர் வெள்ளியில் செய்த கட்டிலின் தலைப்பக்கம் இன்று வெனிஸில் இருக்கிறது. மீனும் செடியும் வண்டும் கொண்ட அதைப் பார்க்கும்போது, காதணியைப் பத்து மடங்கு பெருக்கியதுபோல் இருக்கிறது.

பற்றாக்குறையும் இந்த மனிதரிடம் ஒரு கருவியாயிற்று. இரண்டாம் உலகப் போரில் உலோகம் கிடைக்காதபோது, தம் குளத்தில் ஓட்டத் தாமே செய்திருந்த அலுமினியப் படகையே வெட்டிப் பயன்படுத்தினார். மரத்துண்டுகளைக் கம்பியில் கோத்து 1943 இல் விண்மீன் கூட்டம் போன்ற சிற்பங்களைச் செய்தார். போர் முடிந்ததும் பாரிஸில் கண்காட்சி வைக்க எண்ணியபோது, விமானத் தபாலில் எவ்வளவு பெரிய பொட்டலம் அனுப்பலாம் என்ற விதியைப் பார்த்து, அந்த அளவுக்குள் மடங்கும்படி சிற்பங்களைப் பிரித்துச் சேர்க்கத்தக்கவையாக அமைத்தார். 1946 இல் நடந்த அந்தக் கண்காட்சியின் மலருக்குத்தான் தத்துவ அறிஞர் சார்த்தர் கால்டரைப் பற்றிய தம் கட்டுரையை எழுதினார். சார்த்தரின் கட்டுரையைப் படிப்பவர் பலர். தபால் விதியை நினைப்பவர் சிலரே. பிரித்துச் சேர்க்கும் அந்த முறைதான் பின்னால் மாபெரும் சிற்பங்களுக்கு வழி காட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. கீரா சாராபாயின் அழைப்பின் பேரில் 1955 தொடக்கத்தில் கால்டரும் லூயிசாவும் இந்தியா வந்தனர். நாட்டைச் சுற்றிக் காட்டுவது அழைத்தவர் பொறுப்பு. கைம்மாறாகச் சில சிற்பங்கள் செய்து தருவது கால்டர் பொறுப்பு. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் இல்லத்தில் தங்கி, அங்கே கிடைத்த பொருள்களைக் கொண்டு வேலை செய்தார். கொய்யாவின் பெயரையும், வீட்டுத் தோட்டங்களில் உதிரும் அரளியின விருட்சமான 'பிராஞ்சிபானி'யின் பெயரையும் பெற்ற சிற்பங்கள் அந்தப் பயணத்தில் பிறந்தவை. 2012 இல் லண்டனில் 'இந்தியாவில் கால்டர்' என்ற பெயரில் அவற்றுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. கீராவும் அவர் சகோதரர் கௌதமும் பின்னர் அகமதாபாத்தில் 1961 இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாவதற்கு முதன்மைக் காரணர்களாக இருந்தவர்கள். அந்நிறுவனத்துக்கு அடித்தளமான 1958 ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், இந்தியாவில் தாம் கண்ட பொருள்களில் மிக உயர்ந்ததாகப் பாராட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? கோயிலையன்று, தண்ணீர் எடுக்கும் சொம்பை. கால்டர் சமையலறையில் குறடு பிடித்ததும் அதே எண்ணத்தின் பாற்பட்டதுதான்.

இனி மாபெரும் சிற்பங்கள். 1962 இல் இத்தாலியின் ஸ்போலேத்தோ நகரத் திருவிழாவுக்காக அவர் செய்த 'தியோதெலாப்பியோ' 18 மீட்டர் உயரம். பேருந்துகள் அதன் கால்களுக்கிடையே ஓடும். அவர் முதலில் கொடுத்தது மேசைமேல் வைக்கத்தக்க சிறு தகட்டு மாதிரி. அதைப் பெருக்கி எஃகில் கட்டியவர்கள் இத்தாலிய உருக்குத் தொழிலாளர்கள். இங்கேதான் பொறியியல் மாணவரின் காது நிமிரவேண்டும். ஒரு சிறு தகட்டை நீளம், அகலம், கனம் மூன்றிலும் பத்து மடங்கு பெருக்கினால், எடை ஆயிரம் மடங்கு ஆகிறது. வலுவைத் தரும் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் ஆகிறது. ஆகவே மேசைமேல் கம்பீரமாக நின்றது, சதுக்கத்தில் தள்ளாடும். காற்றின் தள்ளுதல் வேறு. இதைத் தடுக்கத் தகடுகளின்மேல் விலாவெலும்புபோல் எஃகுப் பட்டைகளும் முட்டுத்தகடுகளும் சேர்க்கவேண்டியிருந்தது. பிற்காலத்தில் பிரான்சின் தூர் நகரத்துப் பியேமோன் பட்டறையில் வேலை நடந்தபோது, சிறு மாதிரிக்கும் முழு உருவுக்கும் நடுவே ஓர் இடைநிலை மாதிரி செய்து, விலாக்கள் எங்கெங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த விலாக்களையும் போல்ட்டுகளையும் அவர் மறைக்கவில்லை. இலையின் நரம்புபோல் அவை வெளியே தெரிகின்றன. கட்டாயத்தால் வந்ததை அழகாக ஏற்றுக்கொண்ட இடம் இது. நான் இச்சிற்பங்களில் பெரிதும் மதிப்பதும் இதையே.

1969 இல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 'லா கிராந்த் வித்தேஸ்' நிறுவப்பட்டது. 13 மீட்டர் உயரமும் 42 டன் எடையும் கொண்ட சிவப்புச் சிற்பம் அது. அமெரிக்க மத்திய அரசின் கலை நிதி, பொது இடச் சிற்பத்துக்கென முதன்முதலாக உதவியது இதற்குத்தான். இது என்ன கூத்து என்று எதிர்த்தவர்கள் ஊரில் பலர் இருந்தனர். பிறகு அதன் உருவமே நகரத்தின் சின்னமாகி, கடிதத்தாளிலும் குப்பை வண்டிகளிலும்கூட இடம் பெற்றது. குப்பை வண்டியில் இடம் பெற்றது இழிவு என்று கால்டரை அறிந்தவர் எவரும் சொல்லமாட்டார். 1974 இல் சிக்காகோவில் 'பிளமிங்கோ' திறக்கப்பட்டபோது, சர்க்கஸ் ஊர்வலம் ஒன்று நடத்தி, அதில் கால்டரையே வண்டியில் ஏற்றி அழைத்துச் சென்றார்கள். மீஸ் வான் டெர் ரோ கட்டிய கறுப்புக் கட்டடங்களின் நேர்கோடுகளுக்கு நடுவே, 50 டன் சிவப்பு எஃகு வளைந்து நிற்கிறது. மக்கள் அதனடியில் நடந்து போகிறார்கள்.

இவை எல்லாமே வெற்றி என்று நான் சொல்லவரவில்லை. கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகின் நகரங்கள் பலவும் ஆளுக்கொரு கால்டரை விரும்பிக் கேட்டன, அவரும் இல்லையென்னவில்லை. ஒன்றையொன்று ஒத்தவை பல வந்தன. சில சிற்பங்களில் மாதிரியின் துள்ளல் பெருக்கத்தில் தொலைந்துவிட்டது. கை படாத இடத்தில் கணக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. எது தேறியது, எது தேறவில்லை என்று அறிய எனக்குத் தெரிந்த சோதனை எளியது: அந்தச் சிற்பத்தை மனத்தால் சுருக்கி, ராக்ஸ்பரி வீட்டு மேசைமேல் வைத்துப் பாருங்கள். 'பிளமிங்கோ' அங்கே ரொட்டி வாட்டும் முள்ளுக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும். வேறு சில அங்கே அந்நியமாய் விழிக்கும்.

இந்த ஒற்றுமையைக் காணாதவர் கையில் சிற்பம் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிட்ஸ்பர்க் விமான நிலையம் சாட்சி. 1958 இல் கால்டர் செய்த கறுப்பு வெள்ளை அசைசிற்பம் ஒன்று அங்கே தொங்கவிடுவதற்காக அந்த மாவட்ட நிர்வாகத்துக்கு நன்கொடையாக வந்தது. அதிகாரிகள் அதற்கு மாவட்டத்தின் நிறங்களான பச்சையும் பொன்னிறமும் பூசினார்கள்; தகடுகளை அசையாதபடி இறுக்கினார்கள்; போதாதென்று, மோட்டார் வைத்துச் சுற்றவும் விட்டார்கள். காற்றுக்காக விரலில் தேடிக் கண்ட சமநிலை முழுவதும் வீணாயிற்று. கால்டர் எதிர்த்துப் பார்த்தும் பயனில்லை. அவர் மறைந்த பிறகுதான் அதற்குப் பழைய நிறமும் பழைய அசைவும் திரும்பக் கிடைத்தன. அந்த அதிகாரிகள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. கூரையிலே தொங்கும் தோரணம் என்று கருதினார்கள். தோரணமென்றால் நிறத்தை மாற்றலாம் அன்றோ? கோட்டோவிய நூலையோ கரண்டிகளையோ ஒரு முறை பார்த்திருந்தால், அந்தத் தகட்டின் எடையும் வளைவும் ஏன் அப்படி இருக்கின்றன என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. நியூயார்க்கின் உலக வணிக மையத்தில் நின்ற 'வளைந்த புரொபெல்லர்' என்னும் நிலைச்சிற்பம் 2001 செப்டம்பர் 11 அன்று கட்டடங்களோடு நொறுங்கியது. இடிபாடுகளுள் தேடி எடுத்தவை சில துண்டுகளே.

இனி, எந்த நூலை முதலில் எடுப்பது என்று கேட்கும் தோழர்களுக்கு: 1966 இல் வந்த 'படங்களுடன் சுயசரிதை'யில் தொடங்கலாம். மருமகன் ஜான் டேவிட்சனிடம் கால்டர் வாயால் சொல்லி எழுதுவித்த நூல் அது. தத்துவம் எதுவும் இல்லை. எந்த ஊரில் என்ன சாப்பிட்டார், யாருக்கு என்ன செய்து கொடுத்தார் என்றே பக்கங்கள் ஓடும். சற்று அலுப்பூட்டும் இடங்களும் உண்டு. ஆனால் ஒரு தகட்டை எப்படி வளைத்தார் என்று சொல்லும்போது அந்த மனிதர் நம் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார். மூன்று வகைகளையும் ஒரே நூலில் காண விரும்புவோர் ஜீன் லிப்மன் தொகுத்த 'கால்டரின் உலகம்' என்பதை எடுக்கலாம். 1976 அக்டோபரில் விட்னி அருங்காட்சியகத்தில் தொடங்கிய பெருங்கண்காட்சிக்காக வந்த நூல் அது. பொம்மை, கரண்டி, நகை, ஓவியம், எஃகு அனைத்தும் அதில் அருகருகே இருக்கின்றன. கண்காட்சி தொடங்கிச் சில வாரங்களில், நவம்பர் 11 அன்று, கால்டர் காலமானார். முழு வாழ்க்கை வரலாறு வேண்டுவோருக்கு ஜெட் பெர்ல் எழுதிய இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. முதலாவது 2017 இலும் மற்றது 2020 இலும் வெளிவந்தன. அவற்றின் கனத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தேர்வு நெருங்கும் வேளையில் அந்தத் துணிச்சல் எனக்கில்லை. தேர்வுக்காலத்துக்கு ஏற்றது 1926 இன் விலங்குப் புத்தகம். ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். பக்கத்தில் ஒரு காகிதமும் மையும் வைத்துக்கொண்டால், விடுதி முற்றத்தில் படுத்திருக்கும் பூனையையும் ஒரு கை பார்க்கலாம்.